வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று: காபிக் கருவிகள் வந்த வழி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறையில் 1991-ல் ஒரு விசித்திரமான காமிரா பொருத்தப்பட்டது. அது பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காபிக் கூஜாவை. ‘ட்ரோஜன் ரூம்’ என்ற அறையை ஒட்டி இருந்த அந்த ஒரே காபி இயந்திரத்தைச் சுமார் 15 ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருந்தார்கள். வேறு மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால், பாதி நாள் கூஜா காலி. குவென்டின் ஸ்டாஃபோர்டு ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் காமிராவை வைத்து, கூஜாவின் படம் எல்லோர் கணினித் திரையிலும் தெரியும்படி செய்தார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்துக்கும் போனது. உலகின் முதல் வெப்காமிரா என்று அதைச் சொல்கிறார்கள். 2001 ஆகஸ்டில் காமிராவை அணைத்தபோது, கடைசியாக அங்கே இருந்த க்ருப்ஸ் இயந்திரத்தை ஜெர்மனியின் ‘ஸ்பீகல்’ பத்திரிகையின் இணையப் பிரிவு 3,350 பவுண்டு கொடுத்து ஏலத்தில் எடுத்தது.

கணினி வரலாற்றில் இது ஒரு சாதனை. காபி வரலாற்றில் பார்த்தால், ஒரு தப்பான தேர்வுக்குச் செய்யப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான பரிகாரம். ஒரு குடும்பத்துக்கு அளவெடுத்த கூஜாவை ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆனது.

இன்று கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் காபிக் கருவிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு குறிப்பிட்ட இடத்துக்காகப் பிறந்தவை. சில சமையலறைக்கு, சில ஹோட்டல் கல்லாவுக்குப் பக்கத்தில், சில அலுவலகத் தாழ்வாரத்துக்கு. எத்தனை பேர் குடிப்பார்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், யார் கழுவி வைப்பார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு அந்தந்த இடம் சொன்ன பதில்தான் அந்தக் கருவியின் வடிவம். சுவையைப் பற்றிய கவலைகூடப் பல நேரங்களில் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வந்தது.

தொடக்கத்தில் எல்லாம் கொதிக்கவைத்ததுதான். எத்தியோப்பியாவின் மண் ஜாடியானாலும், துருக்கியரின் நீளக் கைப்பிடி வைத்த செப்புப் பாத்திரமானாலும், பொடியும் தண்ணீரும் ஒன்றாகக் கொதித்து, மண்டி அடியில் தங்கும்வரை காத்திருந்து குடிப்பார்கள். வடிப்பது என்ற பழக்கம் பிரான்சில் வேரூன்றியது. 1800-ஐ ஒட்டி பாரிஸில் புழக்கத்துக்கு வந்த இரண்டடுக்குப் பாத்திரத்தை அந்நகரின் பேராயர் டி பெலுவாவின் பெயரால் அழைத்தார்கள். மேல் அடுக்கின் அடியில் சிறு துளைகள், அதில் காபிப் பொடி, மேலே வெந்நீர், கீழ் அடுக்கில் தெளிந்த காபி. வெப்பம் பற்றிய ஆராய்ச்சிக்குப் பேர்போன விஞ்ஞானி கவுண்ட் ரம்ஃபோர்டு 1812-ல் காபிக்கென்றே ஒரு கட்டுரை எழுதி, காபியைக் கொதிக்கவைத்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும் என்று வாதாடினார். வடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறிப்போகாமலிருக்கச் சுற்றிலும் வெந்நீர் நிற்கும் உறை வைத்த பாத்திரம் ஒன்றையும் வடிவமைத்தார்.

தமிழ்நாட்டுச் சமையலறையின் பித்தளை ஃபில்டரும் இந்த இரண்டடுக்குத் தத்துவத்தில் இயங்குவதுதான். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு. பாரிஸ்காரருக்கு வடிந்ததே காபி. தமிழருக்கு வடிந்தது டிகாக்ஷன் மட்டும். பாலில் சேர்ந்த பிறகுதான் அது காபி. ஆகவே இங்கே தண்ணீர் குறைவு, பொடி அதிகம். பொடியின் மேல் குடை போன்ற துளைத்தட்டை வைத்து லேசாக அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டால், சொட்டுச் சொட்டாக இறங்க அரைமணி நேரத்துக்குக் குறையாது. அந்த அரைமணி நேரத்தை யாரும் இழப்பாக நினைக்கவில்லை. ராத்திரி படுக்கப்போகும் முன் ஃபில்டரைப் போட்டுவிட்டால் விடியற்காலையில் டிகாக்ஷன் தயார். கரண்டு வேண்டாம், கெட்டுப்போகும் பாகம் இல்லை, துளை அடைத்துக்கொண்டால் அடுப்புத் தணலில் ஒரு காட்டுக் காட்டினால் போதும்.

சிக்கரியும் இந்தக் கருவியோடு சேர்ந்தே பேசவேண்டிய விஷயம். நெப்போலியன் 1806-ல் பிரிட்டனுக்கு எதிராக விதித்த வணிகத் தடையால் காபிக் கொட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வறுத்த சிக்கரிக் கிழங்கு பிரெஞ்சுக்காரர்களின் கோப்பைக்குள் பரவலாகப் புகுந்தது. தட்டுப்பாடு தீர்ந்தும் அது வெளியே போகவில்லை. தென்னிந்தியாவில் அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. காபியைவிடச் சிக்கரி தண்ணீரில் அதிகமாகக் கரையும்; டிகாக்ஷனுக்கு நிறத்தையும் கனத்தையும் கொடுக்கும்; பால் சேர்த்தாலும் நீர்த்துப்போகாது. இந்திய உணவு விதிகள் கலவையில் 49 சதவீதம்வரை சிக்கரியை அனுமதிக்கின்றன. எவ்வளவு காபி, எவ்வளவு சிக்கரி என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட்டாக வேண்டும்.

காபி தமிழ் மத்தியதர வாழ்க்கையின் அடையாளமாக ஆன கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் காபி கிளப்புகள் ஊருக்கு ஊர் முளைத்தபோது வீட்டு ஃபில்டர் அங்கே எடுபடவில்லை. நூறு பேர் வந்துபோகும் கடையில் சொட்டுச் சொட்டாக வடிவதற்கு யார் காத்திருப்பது? கடைக்காரர்கள் பெரிய பாய்லரையும், துணிப்பை மாட்டிய வடிகட்டியையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஊரில், ஒரே பொடியில், வீட்டுக்கு ஒரு வழி, கடைக்கு ஒரு வழி. இங்கேயே அந்தப் பிரிவு தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அமெரிக்க வீடுகள் வேறொரு கருவியிடம் மாட்டிக்கொண்டன. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் குட்ரிச் 1889-ல் காப்புரிமை பெற்ற பெர்கொலேட்டர்தான் அது. அடுப்பில் வைத்தால் கொதிநீர் நடுக்குழாய் வழியே மேலேறி, பொடிமீது கொட்டி, கீழே இறங்கி, மறுபடி மேலேறும். அதாவது ஏற்கெனவே வடிந்த காபியே திரும்பத் திரும்பப் பொடிக்குள் போய்வரும். கசப்பு ஏறாமல் என்ன செய்யும்? ஆனாலும் பெரிய பாத்திரம் நிறையக் காபி கிடைத்தது, வடிதுணி துவைக்கும் வேலை இல்லை, அடுப்படியில் யாரும் நிற்கவும் வேண்டாம். ரம்ஃபோர்டு கூடாது என்று சொன்னதையே செய்துகொண்டு அமெரிக்கச் சமையலறைகளில் அது பல தலைமுறை ஓடியது.

ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசிக்கு இரண்டு எரிச்சல்கள்: கோப்பையில் தங்கும் மண்டி, ஒவ்வொரு முறையும் அலசிக் காயவைக்க வேண்டிய துணி வடிகட்டி. 1908-ல் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளையிட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து அதில் போட்டு வடித்துப் பார்த்தார். காபி தெளிவாக இறங்கியது. திப்பியைத் தாளோடு தூக்கி எறிந்துவிடலாம். அதே ஆண்டு டிசம்பரில் 73 ஃபெனிக் முதலீட்டில் நிறுவனம் பதிவானது. கணவரும் பிள்ளைகளும் அதில் வேலைக்கு இறங்கினார்கள். மறு ஆண்டு லைப்சிக் சந்தையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிகட்டிகள் விற்றன. இன்று உலகெங்கும் விற்கும் கூம்பு வடிவத் தாள் வடிகட்டி 1930-களில் அதே நிறுவனத்திலிருந்து வந்தது. யார் கழுவுவது என்ற கேள்விக்கு, கழுவவே வேண்டாம் என்று வந்த முதல் பெரிய பதில் அது.

எஸ்பிரஸோ இதற்கெல்லாம் நேர் எதிர்த்திசையில் வளர்ந்தது. அது கடையின் பிள்ளை. 1884-ல் டூரின் நகரக் கண்காட்சியில் ஆஞ்செலோ மோரியோண்டோ நீராவியால் இயங்கும் ஒரு காபி இயந்திரத்தைக் காட்டினார். அவரே ஹோட்டல் நடத்தியவர். வாடிக்கையாளர் காத்திருப்பதன் நஷ்டம் தெரிந்தவர். ஆனால் அவருடைய இயந்திரம் மொத்தமாகக் காபி போடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கண் முன்னால், சில நொடிகளில் போட்டுத் தரும் இயந்திரத்துக்கு மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா 1901-ல் காப்புரிமை வாங்கினார். அதை டெசிடேரியோ பவோனி விலைக்கு வாங்கித் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பளபளக்கும் பித்தளைத் தூண்போல நின்ற அந்த இயந்திரங்களில் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார் அளவுதான். நீராவியின் சூட்டில் காபி கொஞ்சம் தீய்ந்தும் வந்தது.

அதே மிலானின் அக்கீலே காஜியா, 1938-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, போர் முடிந்தபின் நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கடைக்காரர் நெம்புகோலை இழுத்துவிட, உள்ளே இருக்கும் விசைச்சுருள் வெந்நீரைப் பொடிக்குள் அழுத்தியது. அழுத்தம் எட்டு, ஒன்பது பாருக்கு ஏறியது. கோப்பையின் மேல் முதன்முறையாகப் பொன்னிற நுரை படிந்தது. இது என்ன அழுக்கு என்று சந்தேகப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அதைக் ‘க்ரேமா’ என்று பெயர் சூட்டி விற்றார்கள். 1961-ல் ஃபயேமா நிறுவனம் ‘இ61’ இயந்திரத்தில் மின் பம்பைப் பொருத்தியதும், கடைக்காரரின் கைக்கும் ஓய்வு வந்தது. இன்றைய காபி பார்களில் நிற்கும் பெரிய இயந்திரங்கள் அதன் வாரிசுகளே.

தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் ‘எஸ்பிரஸோ காபி’ என்று தருவது வேறு சங்கதி. இன்ஸ்டன்ட் பொடியும் பாலும் கலந்த டம்ளருக்குள் நீராவிக் குழாயைவிட்டு உஸ்ஸென்று நுரை கிளப்பும் அந்தக் காபியில், இத்தாலிய இயந்திரத்தின் நீராவியும் சத்தமும் மட்டும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் பந்திக்கு முன்னால் இருநூறு பேர் வரிசையில் நின்றால் தாக்குப்பிடிப்பது அதுதான்.

கடையில் குடித்ததை வீட்டில் போட முடியுமா என்ற ஆசைக்கு இத்தாலியிலேயே ஒரு மலிவான விடை கிடைத்தது. பிரான்சில் அலுமினிய வேலை கற்றுத் திரும்பிய அல்ஃபோன்சோ பியாலெட்டி 1933-ல் எட்டுப்பட்டை ‘மோகா’ கெட்டிலைக் கொண்டுவந்தார். கீழே தண்ணீர், நடுவில் பொடி, மேலே காலி அறை. அடுப்பில் வைத்தால் நீராவி தண்ணீரைப் பொடி வழியே மேலே தள்ளும். அலுமினியம் அப்போது முசோலினி அரசு உள்நாட்டு உலோகமென்று ஊக்குவித்துக்கொண்டிருந்த பொருள். போருக்கு முன்பு உள்ளூர்ச் சந்தைகளில் விற்றதை, போருக்குப் பின் மகன் ரெனாட்டோ விளம்பரத்தால் நாடு முழுவதும் கொண்டுபோனார். மீசை வைத்த குட்டை மனிதன் ஒருவன் விரலை உயர்த்தி நிற்கும் சின்னம் இத்தாலியத் தொலைக்காட்சியில் பிரபலமானது. ரெனாட்டோ 2016-ல் இறந்தபோது அவருடைய அஸ்தியைப் பெரிய மோகா கெட்டில் ஒன்றில்தான் வைத்தார்கள்.

வீட்டுக்கும் கடைக்கும் வழி பிறந்த பிறகுதான் ஆபீஸ் களத்துக்கு வருகிறது. அதற்கு ஒரு நீதிமன்ற வழக்கே உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் கழுத்துப்பட்டை நெய்யும் ‘லாஸ் விக்வாம் வீவர்ஸ்’ என்ற ஆலை இரண்டாம் உலகப் போரில் தன் இளம் தறிக்காரர்களை ராணுவத்துக்குப் பறிகொடுத்தது. வயதான ஆண்களை வைத்துப் பார்த்தது, சரிவரவில்லை. நடுத்தர வயதுப் பெண்கள் நன்றாக நெய்தார்கள். ஆனால் நாள் முழுக்க ஈடுகொடுக்க முடியவில்லை. ஊழியர் கூட்டத்தில் பெண்களே ஒரு யோசனை சொன்னார்கள்: காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம், காபியும் டீயும். உற்பத்தி உயர்ந்தது. உடனே முதலாளி அந்த இடைவேளையைக் கட்டாயமாக்கினார். கூடவே அந்த அரைமணி நேரச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்! தொழிலாளர் துறை வழக்குப் போட்டது. இடைவேளையால் முதலாளிக்கும் லாபமிருக்கிறது, எனவே அதற்கும் சம்பளம் தர வேண்டும் என்று 1956-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே, 1952-ல், லத்தீன் அமெரிக்கக் காபி நாடுகள் சேர்ந்து நடத்திய ‘பான் அமெரிக்கன் காபி பீரோ’, வேலைக்கு நடுவே காபி இடைவேளை எடுக்கச் சொல்லி அமெரிக்கா முழுவதும் விளம்பரம் செய்தது. இடைவேளை வழக்கமாகிவிட்டது. 15 நிமிடத்துக்குள் ஒரு கூட்டமே குடித்து முடிக்க வேண்டும். பெர்கொலேட்டர் கொதித்துத் தீர்வதற்குள் மணி அடித்துவிடும். அலுவலகங்களிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் மின்சார வடி இயந்திரம் இடம்பிடித்தது இந்த நெருக்கடியில்தான்.

ஜெர்மனியில் காட்லோப் விட்மன் 1954-லேயே ‘விகோமாட்’ என்ற மின்சார வடி இயந்திரத்தை வீட்டுக்கென்று செய்திருந்தார். அமெரிக்காவில் அது வீட்டுக்கு வந்தது 1972-ல். கிளீவ்லாந்தைச் சேர்ந்த வின்சென்ட் மரோட்டாவும் சாமுவேல் கிளேசரும், உணவகத்தில் கிடைக்கும் வடிக் காபி வீட்டிலும் வேண்டும் என்று பொறியாளர்களை அமர்த்தி ‘மிஸ்டர் காபி’யை உருவாக்கினார்கள். பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோ தொலைக்காட்சியில் அதை விற்றார். பெர்கொலேட்டரின் ஆட்சி சில ஆண்டுகளில் முடிந்தது. ரம்ஃபோர்டும் மெலிட்டாவும் கையால் செய்யச் சொன்னதை இப்போது ஒரு பொத்தான் செய்தது.

ஒரு கோப்பைக்கு ஒரு குப்பி என்ற காப்ஸ்யூலின் கதையில் திசை தலைகீழ். நெஸ்லேயின் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் 1976-ல் காப்புரிமைக்கு எழுதிய நெஸ்பிரஸோ, 1986-ல் சந்தைக்கு வந்தபோது சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜப்பான் நாட்டு அலுவலகங்களைத்தான் குறிவைத்தது. எடுபடவில்லை. 1988-ல் பொறுப்புக்கு வந்த ழான் பால் கையார் அதைக் கொஞ்சம் வசதியான வீடுகளின் பக்கம் திருப்பினார்; வாங்கியவர்களை ‘கிளப்’ உறுப்பினர் ஆக்கினார். தடுமாறிய வியாபாரம் நிமிர்ந்தது. அமெரிக்காவில் ஜான் சில்வனும் பீட்டர் டிராகோனும் தொடங்கிய க்யூரிக் 1998-ல் அலுவலகங்களுக்குள் நுழைந்து, அங்கே வெற்றிபெற்று, 2004-ல் வீட்டுக்கான இயந்திரத்தை வெளியிட்டது. கூஜா காலியா என்று பார்க்க வேண்டாம், திப்பியை யார் கொட்டுவது என்று சண்டை வேண்டாம், அவரவர் காபி அவரவருக்கு. ஆபீஸின் மூன்று தலைவலிகளும் ஒரே குப்பியில் தீர்ந்தன.

தலைவலி குப்பைத் தொட்டிக்கு இடம் மாறியது. 6 கிராம் காபிக்கு 3 கிராம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் என்று கணக்குச் சொல்லி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016-ல் காப்ஸ்யூல் இயந்திரங்களை அரசுப் பணத்தில் வாங்கக் கூடாது என்றது. தன் பங்கை 1997-லேயே விற்றுவிட்டு வெளியேறியிருந்த சில்வன், 2015-ல் அளித்த பேட்டியில், இதைக் கண்டுபிடித்ததற்காகச் சில நேரம் வருத்தமாக இருக்கிறது என்றும், தன் வீட்டில் அந்த இயந்திரம் இல்லை என்றும் சொன்னார்.

தமிழ்நாட்டு அலுவலகங்கள் இந்தப் படிகளையெல்லாம் ஏறவில்லை. அங்கே வெகுகாலம் காபி இயந்திரமாக இருந்தது பக்கத்து ஹோட்டலும் ஒரு பிளாஸ்க்கும்தான். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் ஆபீஸ் பையன் வாங்கிவந்து ஊற்றுவார். அந்த இடத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தது, பால்பொடியும் சர்க்கரையும் சேர்ந்த கலவையில் ஓடும் வெண்டிங் மெஷின். பிறகு டிகாக்ஷனையும் பாலையும் தனித்தனியே ஊற்றி ஓட்டும் ஃபில்டர் காபி மெஷின்களும் வந்தன. வாங்கி வருகிறவரின் நடை மிச்சமானது; கூடவே, ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறிய ருசியும் போய்விட்டது.

இந்த இருநூறு ஆண்டுக் கதையிலிருந்து வாங்குகிறவர் எடுத்துக்கொள்ளக் கணக்குகள் சில உண்டு. மேலை நாட்டு வடி இயந்திரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 கிராம் அளவில் பொடி போட்டுப் பாலில்லாமல் குடிப்பதற்கு வடிவமைத்தது. அதில் வடித்ததைப் பாலில் சேர்த்தால் கிடைப்பது நிறம் மாறிய பால். நைஸாக அரைத்த சிக்கரிப் பொடி தாள் வடிகட்டியை அடைத்தும்விடும். பால் காபி குடிக்கும் நாலு பேர் வீட்டுக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் ஃபில்டரை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை. காலையில் அவசரம் என்றால் மோகா கெட்டில் ஐந்து நிமிடத்தில் ஏறக்குறைய அதே கனத்தில் இறக்கிக் கொடுக்கும். கறுப்புக் காபிக்காரர் இருவருக்கு மெலிட்டாவின் கூம்பும் தாளும் போதும். வீட்டு எஸ்பிரஸோ இயந்திரம், பொடியை உடனுக்குடன் அரைத்து, தினமும் குழாயைத் துடைத்துவைக்கப் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே.

ஆபீஸுக்கு வாங்கும்போது ஆட்களை எண்ணினால் போதாது. பதினொரு மணிக்கு ஒரே சமயத்தில் எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்று எண்ண வேண்டும். பத்துப் பதினைந்து பேர் என்றால் சூடு தாங்கும் பிளாஸ்க் கூஜா வைத்த வடி இயந்திரமும், அதைக் கழுவ முறை வைத்த ஓர் ஆளும். அதற்கு மேல் என்றால் வெண்டிங் மெஷின் அல்லது கொட்டையை அரைத்தே காபி தரும் இயந்திரம். எதுவானாலும், இயந்திரத்தின் விலையைக் கேட்கும் முன் ஒரு கோப்பைக்கு ஆகும் செலவைக் கேளுங்கள். சர்வீஸ் ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா, பால் செல்லும் குழாயைக் கழற்றிக் கழுவ முடியுமா என்பதையும் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.